பட்டாணிக் கொல்லையில் நின்ற தலைவர்

சோளக்கொல்லை பொம்மைக்கு யாராவது வணக்கம் வைப்பார்களா? அந்த ஊரில் வைத்தார்கள். முதலில் வைத்தவர் ரொட்டிக்கடைக்காரர். விடிந்தும் விடியாததுமாக ஏரிக்கரைச் சாலையில் சைக்கிளில் போனவர், கொல்லை நடுவே நின்ற உருவத்தைப் பார்த்ததும் சட்டென்று இறங்கி, "வணக்கம் தலைவரே! இவ்வளவு காலையிலேயே கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அதில் ரொட்டிக்கடைக்காரருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. தலைவர் என்றைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்?

பாத்திக்குள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த கரையக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று மண் கையாலேயே வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்குப் பல்லில் மண் நறநறத்தது. ஆனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

பொம்மை நின்றது பட்டாணிக் கொல்லையில்தான். பட்டாணிக் கொல்லையில் நின்றாலும் அதற்குச் சோளக்கொல்லை பொம்மை என்றுதானே பெயர், விடுங்கள். அது போட்டிருந்தது தலைவருடைய பழைய நீலக் கோட்டு. பதவி ஏற்ற அன்று அவர் போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்த அதே கோட்டு, பெரிய பெரிய பித்தளைப் பொத்தானோடு. தலையில் அவருடைய பழைய பழுப்புத் தொப்பி, அவர் வைப்பதுபோலவே இடது காதுப் பக்கம் சாய்ந்து. ஒரு கை இடுப்பில், இன்னொரு கை உயரத் தூக்கியபடி. யார் எந்தக் குறையைச் சொன்னாலும் தலைவர் அப்படித்தான் ஒரு கையைத் தூக்கி, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். கரையக்கா வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டால், தொப்பைக்கு இரண்டு கூடை வைக்கோல் அதிகமாகத் திணித்தது வேண்டுமென்றேதான். கை மட்டும் தானாக அமைந்தது. குறுக்குக் கம்பு வளைந்த கம்பு, அதற்கு அவள் என்ன செய்வாள்?

ஏன் இந்த வேலை என்றால், அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு காலத்தில் அந்த ஏரியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கொல்லைதான். இப்போது எங்கே பார்த்தாலும் தங்கும் விடுதி. விடுதிக்குக் 'கதிர்க்கட்டு' என்று பெயர், காபிக்கடைக்கு 'நாற்றங்கால்', முடிவெட்டுகிற கடைக்கு 'அறுவடை'. மண்வெட்டி பிடிக்கிற கை குறையக் குறைய, சுவரில் கலப்பை மாட்டுகிற கை கூடிக்கொண்டே போனது. நிஜமாகவே மண்ணில் கால் வைத்து நாலு காய் விளைய வைக்கிற ஆள் கரையக்கா ஒருத்திதான். ஏரிக்கரையில் படகுத்துறையை ஒட்டிய அந்தக் கொல்லையிலேயே கிடப்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். அவளைத்தான் ஊர் அழகுக்கு இடைஞ்சல் என்றார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

சொன்னது வேறு யாரோ என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சொன்னது நகரசபைத் தலைவர். தலைவர் வேறு யாருமில்லை, சொந்தக் கொழுந்தன். அவளுடைய கணவர் காலமாகி மூன்று அறுவடை ஆகிவிட்டது. அவருக்கு இவர்தான் ஒரே தம்பி.

கொல்லை நகரசபையின் பொது நிலம். அந்தக் குடும்பம்தான் எந்தக் காலத்திலிருந்தோ பயிர் வைக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை சபை கூடி, "சரி, நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லும். இந்த முறை சொல்லவில்லை. தலைவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. ஊருக்குப் 'பாரம்பரிய உழவர் ஊர்' என்ற பலகை வாங்க வேண்டும், அதற்கு வெளியூரிலிருந்து ஒரு கமிட்டி வந்து பார்க்க வேண்டும், கமிட்டிக்குக் காட்ட ஒரு உழவர் பூங்கா வேண்டும். பூங்காவுக்கு இடம்? உழவு நடக்கிற ஒரே கொல்லை!

கொல்லை போனால் கரையக்கா பட்டினி கிடக்கப் போவதில்லை. மகள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆனால் காலையில் கண் விழித்தால் எங்கே போவாள்? யாருக்குத் தண்ணீர் ஊற்றுவாள்? கணவர் கொத்திய மண், அவர் வெட்டிய வாய்க்கால், அவர் கட்டிய கருவிக் கொட்டகை எல்லாம் அங்கேதான் இருந்தன. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுதான் இருந்தது.

ரொட்டிக்கடைக்காரரின் கதை ஊருக்குள் பரவ அரை நாள் ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் சும்மா போவதற்கு மனசில்லாமல், "தலைவரே, எங்க தெரு விளக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பார்த்தார்கள். கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. நகரசபைக்குப் போனால் நாற்காலியில் உட்கார வைத்து, காத்திருக்க வைத்து, கடைசியில் "பார்க்கலாம்" என்பார்கள். இங்கே காத்திருக்கவே வேண்டாம், கை ஏற்கெனவே தூக்கியிருக்கிறது. சலவைக்கடைக்காரி வந்து சாக்கடை நாற்றத்தைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"இவரு எவ்வளவோ மேல் அக்கா. குறுக்கே பேச மாட்டேங்கறாரு" என்றாள் கரையக்காவிடம், பட்டாணி வாங்கும்போது.

"என் பேச்சையும் கேக்கறாரு. ஒரிஜினலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்றாள் கரையக்கா.

விஷயம் தலைவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை காலை, முகம் ஜிவுஜிவு என்று சிவக்க, வரப்பில் தட்டுத் தடுமாறி அவரே வந்து நின்றார். பொம்மையும் அவரும் நேருக்கு நேர். அதன் தோளில் ஒரு காகம் சாவகாசமாக உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. அது தினமும் அங்கேதான் உட்காரும்.

"அண்ணி, அதை எடுத்துடுங்க."

"எதைத் தம்பி?"

"அதான்... என்னை."

"உன்னை எடுக்கறதுன்னா அடுத்த தேர்தல் வரைக்கும் காத்திருக்கணுமே."

"விளையாடாதீங்க அண்ணி! ஊரே சிரிக்குது. கோட்டு என்னுது."

"உன் பொண்டாட்டிதான் குடுத்தா. பதிலுக்கு ரெண்டு பூசணிக்கா வாங்கிட்டுப் போனா. பூசணிக்காயைத் தின்னு ஏப்பம் விட்டுட்டுக் கோட்டைத் திருப்பிக் கேட்டா என்னப்பா நியாயம்?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சபையில் பேசுகிற குரலுக்கு மாறினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டி வருது. அவங்க கையாலேயே பூங்காவுக்குக் கல் நடப் போறோம். பட்டாணி பறிச்சதும் நீங்க இடத்தை ஒப்படைச்சிடணும். ரெண்டு காளை ரெடியா இருக்கு, ஃபைபர்ல. மழை வெயில் எதுக்கும் அசையாது. சோளம் பிளாஸ்டிக். எப்பவும் விளைஞ்சே இருக்கும். உங்களையும் நான் மறக்கல அண்ணி. வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழிக்கலாம். கையில ஒரு அரிவாள் குடுப்போம். பயப்படாதீங்க, அட்டை அரிவாள்தான்."

"வெட்டாத அரிவாள், மேயாத மாடு, முளைக்காத சோளம். நடுவுல நான் மட்டும் எதுக்குடா மூச்சு விட்டுக்கிட்டு? எனக்கும் ஒரு ஃபைபர் செஞ்சுடு."

சொல்லும்போது நக்கலாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இவன் முன்னால் அழுவதா? வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டாள். அங்கே குனிந்து முகம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதாள்.

திரும்பி வரும்போது தலைவர் இன்னும் போகவில்லை. கொட்டகைப் பக்கம் மறைந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற மனிதர் பொம்மை முன்னால் நின்று, தலையை ஆட்டி ஆட்டி, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். முடிவில் பொம்மையின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"என்ன அண்ணி சொன்னான்?"

"எனக்கென்ன தெரியும்? அது அவருக்கும் உனக்கும் உள்ள விஷயம்."

"என்னைப் பத்தியா?"

"உன்கிட்டதானே சொன்னாரு. நீதான் சொல்லணும்."

தலைவர் போனார். ஆனால் அந்த மெல்லிய குரல் அவரோடேயே போயிற்று. ஊர் முழுக்க வந்து என்னென்னவோ சொல்லிவிட்டுப் போகிறது, அதையெல்லாம் ஒரு வைக்கோல் மூட்டை கேட்கிறது, தலைவராகப்பட்டவருக்குத் தெரியாது! அரிப்பு என்றால் அரிப்பு, அப்படி ஓர் அரிப்பு. எங்கே சொறிவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கரையக்கா கொல்லைக்குள் நுழைந்ததும் முதலில் கவனித்தது காகத்தை. அது பொம்மையின் தோளில் இல்லை. வேலிக் கம்பியில் உட்கார்ந்து, பொம்மையைப் பார்த்துக் கா கா என்று திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. அடுத்து கவனித்தது கொட்டகையை. அதன் பின்னாலிருந்து ஒரு வளைந்த கம்பும் கொஞ்சம் வைக்கோலும் நீட்டிக்கொண்டிருந்தன. கடைசியாகத்தான் நடுக்கொல்லையைப் பார்த்தாள். கோட்டு அதே கோட்டு, தொப்பி அதே தொப்பி, கை அதே மாதிரி தூக்கிய கை. கோட்டின் பொத்தான்கள் மட்டும் போடப்படவில்லை, போட முடியவில்லை. பொம்மைக்குக் காலே கிடையாது, ஒற்றைக் கம்புதான். இன்றைக்கு இரண்டு கால் முளைத்து, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவும் போட்டுக்கொண்டிருந்தது.

கரையக்கா ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு ஒன்றும் தெரியாதவளைப் போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி, ஷூவுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சலசலவென்று பாத்திக்குள் ஏறியது. ஷூ இரண்டும் மெல்லச் சேற்றில் இறங்கின. பொம்மை அசையவில்லை. இவ்வளவு பொறுமை இவனிடம் இருக்கிறது என்பதே அவளுக்கு இத்தனை நாளாகத் தெரியாது.

ரொட்டிக்கடைக்காரர் முதலில் வந்தார். "தலைவரே, சாக்கடை இன்னும் நாறுது. உங்க வீட்டுப் பக்கம் காத்து அடிக்காதுங்கறதுனால உங்களுக்குத் தெரியல. அதோட, அந்த ஃபைபர் மாடு ரெண்டும் ஆபீஸ் பின்னாடி பிளாஸ்டிக் சுத்தி நிக்குதே, அதைப் பார்த்தா எனக்கென்னவோ உங்க சபை உறுப்பினர்கள் ஞாபகம்தான் வருது. சரி, வரட்டுமா?" என்று சைக்கிளை எடுத்தார். பொம்மையின் தூக்கிய கை ஒரு விரற்கடை இறங்கி மறுபடி ஏறியது.

அடுத்து வந்தவள் தலைவரின் மனைவி. கரையக்காவின் ஓரகத்தி. பட்டாணி வாங்கக் கூடையோடு வந்தவளின் கண் நேராக அந்த ஷூவில் போய் விழுந்தது. ஷூவைப் பார்த்தாள், கரையக்காவைப் பார்த்தாள். கரையக்கா புருவத்தை மட்டும் ஒரு தடவை உயர்த்தி இறக்கினாள். ஓரகத்திக்கு அது போதும்.

கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பொம்மையின் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏங்க பொம்மை, உங்ககிட்டயாவது சொல்றேன். எங்க வீட்டுல ஒரு மனுஷன் இருக்காரு. ராத்திரி குறட்டை, பகல்ல சொற்பொழிவு. நடுவுல நான் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. கொல்லையைத் தொடாதீங்க, அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காதுலயே வாங்கல. இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே அவசர மீட்டிங்னு கிளம்பிப் போயிட்டாரு. நேத்து சாயங்காலம்தான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் குடுத்தேன். எங்கே போய்ச் சேத்துல மிதிச்சுக்கிட்டு நிக்கறாரோ!"

பட்டாணியை வாங்கிக்கொண்டு நேரே வரப்புக்குப் போனவள், போகும் வழியில் முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தொப்பிக்குக் கீழே இரண்டு காதும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்துவிட்டன.

கொல்லையில் இப்போது இரண்டே பேர். காகத்தையும் சேர்த்தால் மூன்று.

கரையக்காவுக்குக் கிண்டல் செய்ய இன்னும் நிறைய இருந்தது. எதைச் சொல்லி வெறுப்பேற்றலாம் என்று யோசித்துக்கொண்டேதான் பொம்மை அருகில் வந்தாள். வந்து நின்றதும் வாயில் வந்தது வேறாக இருந்தது.

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப எனக்கு ஒரு குட்டிக் கொழுந்தன் இருந்தான், தெரியுமா? முன்பல்லு ரெண்டும் விழுந்த வயசு. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருவான். ஒரு நாள் இந்தக் கொல்லையில யாருக்கும் தெரியாம உக்காந்து, ஒரு பாத்திப் பட்டாணியைப் பச்சையா தின்னுட்டான். வயித்து வலியில சுருண்டு கிடந்தான். மாமியார் கம்பை எடுத்துக்கிட்டு வந்தாங்க. எவன் தின்னான்னு கேட்டாங்க. பறவை தின்னுடுச்சு அத்தைன்னு நான்தான் பொய் சொன்னேன்."

பொம்மையின் தூக்கிய கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. அவள் பார்க்காததுபோல் ஏரியைப் பார்த்தாள்.

"அதை அவங்க நம்பினாங்களோ இல்லையோ, உங்க அண்ணன் நம்பிட்டாரு, வெகுளி மனுஷன். பறவை இவ்வளவு தின்னுதான்னு அன்னைக்குச் சாயங்காலமே கம்பு வெட்டி, தன் சட்டையைக் கழட்டி மாட்டி, ஒரு பொம்மை செஞ்சு நட்டாரு. அதுக்கு முன்னாடி இந்தக் கொல்லையில பொம்மையே கிடையாது. உன்னைக் காப்பாத்த நான் சொன்ன பொய்யிலதான் இது நிக்குது. அவரு போற வரைக்கும் நான் அவருகிட்ட உண்மையைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு."

இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவாள். நல்லவேளையாக அப்போது படகின் சங்கு ஊதியது.

மத்தியானப் படகு பழுது என்று கமிட்டி காலைப் படகிலேயே வந்து இறங்கிவிட்டது. கனத்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், குடையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர், கேமராவும் கையுமாக ஒருவர். தகவல் தெரிந்து தலைதெறிக்க ஓடி வந்த நகரசபைக் குமாஸ்தா, தலைவரை எங்கே காணோம் என்று நாலு பக்கமும் முழித்தார். அதற்குள் அவர்கள் துறையை விட்டு நேரே கொல்லைக்குள் வந்துவிட்டார்கள். துறைக்குப் பக்கத்தில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

"அடடா! என்ன தத்ரூபம்!" என்றார் அம்மாள். "மூச்சு விடற மாதிரியே இருக்கே?"

"காத்தும்மா, ஏரிக்காத்து" என்றாள் கரையக்கா.

"வேர்த்திருக்கே?"

"பனி."

கேமராக்காரர் கிட்டே போயும் தள்ளி நின்றும் படம் பிடித்துத் தள்ளினார். பெரியவர் குடை நுனியால் தொப்பையைக் குத்திப் பார்த்து, "நல்ல அடர்த்தி. வைக்கோல்தானே?" என்று கேட்டார். "பெரும்பாலும்" என்றாள் கரையக்கா. ஓடிப்போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தலைவர் தவித்த தவிப்பு இருக்கிறதே, அதைப் பார்க்க அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பாக இருந்தது. இன்னொரு பக்கம், ஐயோ பாவம், கால் மரத்திருக்குமே என்றும் இருந்தது. என்ன இருந்தாலும் தூக்கி வளர்த்த பிள்ளை.

அம்மாள் பாத்திகளைச் சுற்றிப் பார்த்தார். காய்த்துத் தொங்கிய பட்டாணியைத் தொட்டுப் பார்த்தார். "இது யாரோட கொல்லை?" என்று கேட்டார்.

குமாஸ்தா முந்திக்கொண்டார். "நகரசபை இடங்க. இதையெல்லாம் எடுத்துட்டு இங்கேதான் உழவர் பூங்கா வருது. ஃபைபர் காளை..."

"இப்ப யாரோடதுன்னு கேட்டேன்."

குமாஸ்தா கரையக்காவைப் பார்த்தார். கரையக்கா வாயைத் திறக்கவில்லை. என்னுடையது என்று எப்படிச் சொல்வாள்? பட்டாணி பறிக்கும் வரைதான் அவளுடையது. மண்வெட்டியின் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வேலியில் காகம்கூட வாயை மூடிக்கொண்டது.

அப்போது தொப்பிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க அண்ணியோடது."

பெரியவர் குடையைக் கீழே போட்டார். கேமராக்காரர் சேற்றில் உட்கார்ந்தேவிட்டார். குமாஸ்தா மட்டும் பழக்கதோஷத்தில், "சரிங்க தலைவரே" என்றார்.

அடுத்த வாரம் சபை கூடியது. கமிட்டி முன்னாலேயே சொன்ன வார்த்தையை மாற்றிச் சொல்லத் தலைவருக்கு வழியும் இல்லை, மனசும் இல்லை. அவரே எழுந்து, கொல்லை அண்ணியிடமே இருக்கட்டும் என்று முன்மொழிந்தார். பலகை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, அதோடு பொம்மையின் படமும் பத்திரிகையில் வந்தது. சாக்கடையும் ஒருவழியாகச் சரியானது, அவர் காதாலேயே கேட்டுவிட்டாரே! ஃபைபர் காளைகள் நகரசபை வாசலில் நிற்கின்றன. மழை வெயில் எதுக்கும் அசையவில்லை என்பது உண்மைதான்.

பொம்மை பழைய இடத்துக்கு வந்தது. காகம் அதன் தோளுக்கு வந்தது. கரையக்கா வழக்கம்போல விடிந்ததும் வந்து, கொட்டகையில் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளியே பட்டாணிப் பாத்தியிலிருந்து சத்தம் கேட்டது. தோல் உரிக்கிற சத்தம், படக் படக்கென்று.

"யாரது அங்கே பட்டாணியைத் தின்னறது?" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

சத்தம் நின்றது. பிறகு, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரலில் பதில் வந்தது.

"பறவை, அண்ணி."